இருமொழிப் படம் என்றால் என்ன? 'மிஸ்ஸம்மா' எப்படி இரண்டு மொழிகளில் வந்தது?

ஒரே கதையை இரு மொழிகளிலும் தனித்தனியாகப் படம்பிடிப்பதுதான் இருமொழிப் படம். வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரின் கதையை எல்.வி.பிரசாத் 1955-இல் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' என இயக்கினார். தயாரிப்பு விஜயா புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம். ஒரே மாவில் தோசையும் ஊத்தப்பமும் போல.

ஏன் இந்தப் பாடு? தெலுங்குப் படங்களும் அப்போது பெரும்பாலும் சென்னையில்தான் உருவாயின. போட்ட செட் இரண்டுக்கும் ஆகும், செலவு மிச்சம். அப்புறம், வசனத்துக்கு வாயசைவும் பொருந்தும்.

ரசமான இடம் நடிகர் தேர்வு. சாவித்திரி இரண்டிலும் உண்டு. ஜோடி மட்டும் அங்கே என்.டி.ராமராவ், இங்கே ஜெமினி கணேசன். துப்பறியும் வேடம் அங்கே நாகேஸ்வர ராவுக்கு, இங்கே தங்கவேலுவுக்கு. சிரிப்பின் சுவையே மாறிவிடுகிறது!

'மிஸ்ஸியம்மா'வை டப்பிங் படம் என்று பலர் நினைக்கிறார்கள். குரல் மட்டும் மாற்றியிருந்தால் அதில் ஜெமினி எப்படி வந்திருப்பார்?