ஊழியர் உதவித் திட்டம் விபத்தைக் குறைக்குமா?

குறைக்க உதவலாம், ஆனால் ஊழியர்கள் அதை நம்பினால்தான். ஊழியரின் சொந்தப் பிரச்சினைகளுக்கு நிறுவனம் ஏற்பாடு செய்யும் ரகசிய ஆலோசனைச் சேவைதான் இந்தத் திட்டம். கடன், குடி, குடும்பச் சண்டை, தூக்கமின்மை எதுவானாலும் வேலையில் கவனத்தைச் சிதறடிக்கும். இயந்திரம் இயக்குபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் ஒரு நொடி கவனம் பிசகினாலே போதும், விபத்துதான். 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் குடிநோயைச் சமாளிக்க வந்த ஏற்பாடுகளே இந்தத் திட்டத்துக்கு வேர்.

நடைமுறை எளிது: ஊழியர் நேரடியாகத் தொலைபேசியில் அழைக்கலாம், பெரும்பாலும் குடும்பத்தினரும் அழைக்கலாம். ஒரு பிரச்சினைக்குப் பொதுவாக 3 முதல் 8 அமர்வுகள் இலவசம். அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடமோ சிகிச்சை மையத்துக்கோ அனுப்புவார்கள்.

சறுக்கல் பெரும்பாலும் ரகசியத்தில்தான். நிறுவனத்துக்குப் போக வேண்டியது மொத்த எண்ணிக்கை மட்டுமே, பெயர் அல்ல. 6 பேர் உள்ள பிரிவுக்குத் தனி அறிக்கை கொடுத்தால் யாரென்று ஊகித்துவிடலாம். பிறகு ஒருவரும் அழைக்க மாட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற, ரகசியம் காக்க முடியாத விதிவிலக்குகளை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும்.

மேற்பார்வையாளர் நோயைக் கண்டுபிடிக்க முயலக் கூடாது. "இந்த மாதம் 4 முறை தாமதம், 2 முறை பாதுகாப்புப் பூட்டு போடவில்லை" என்று கண்டதை மட்டும் சொல்லி, உதவி எண்ணைக் கொடுத்தால் போதும். "நீங்கள் குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும். வேலைப்பளுவே காரணமென்றால், ஆலோசனை எத்தனை கொடுத்தும் பயனில்லை. ஷிப்டைத்தான் மாற்ற வேண்டும்.