டோங்கா உள்ள மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், லேடிஸ்மித் நகருக்கு அருகில் மாடு வளர்ப்பதற்காக ஒரு மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க இருக்கிறேன். உரிமையாளர் தந்த ஆங்கில ஒப்பந்தத்தில், கிழக்கு எல்லையை ஒட்டி ஒரு 'டோங்கா' இருப்பதாகவும், அதைப் பராமரிப்பது குத்தகைதாரரின் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்த என் மைத்துனர், அது தொழிலாளர் தங்கும் தகர அறை என்கிறார். எது சரி? இந்த நிலத்தை எடுக்கலாமா?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதும் தவறில்லை. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அச்சொல் பெயர்த்து எடுத்துச் செல்லக்கூடிய தற்காலிக அறையைத்தான் குறிக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அங்கே டோங்கா என்றால், மழைநீர் அரித்து உண்டாக்கிய, செங்குத்தான கரைகளைக் கொண்ட, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பள்ள ஓடை. சூலு, கோசா மொழிகளில் சுவரைக் குறிக்கும் 'உடோங்கா' என்ற சொல்லிலிருந்து இது வந்தது. லேடிஸ்மித்துக்குத் தெற்கே உள்ள கொலென்சோவில் 1899 டிசம்பர் 15 அன்று பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், பீரங்கிகளைக் கைவிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் பதுங்கிய இடமும் ஒரு டோங்காதான். ஆட்கள் மறைந்து நிற்கும் ஆழம் அதற்கு உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பராமரிப்பு வாசகத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள்.

அந்த வாசகம் இல்லாவிட்டாலும் பொறுப்பு முழுவதும் நீங்கிவிடாது. 1983ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டம் மண்ணரிப்பைக் கட்டுப்படுத்தும் கடமையை 'நிலப் பயனாளர்' மீது வைக்கிறது. குத்தகைதாரரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார். ஆகவே கையெழுத்திடும் முன் நிலத்தை நேரில் பார்த்துவிடுவது அவசியம்.

பார்க்கும்போது பள்ளத்தின் ஆழத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆழமாக இருந்தும் கரைகள் சரிந்து, அடியில் புல் பிடித்திருந்தால் அது ஓய்ந்துபோன டோங்கா. பார்க்க வேண்டியது அதன் தலைப்பகுதி, அதாவது மேட்டிலிருந்து வரும் நீர் பள்ளத்துக்குள் விழும் இடம். அங்கே கரை புதிதாக இடிந்து, புல்வேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் இடிமழையில் பள்ளம் மேட்டை நோக்கித் தின்றுகொண்டே போகும் என்று கொள்ளலாம். கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களை ஒப்பிட்டால், தலைப்பகுதி எத்தனை மீட்டர் நகர்ந்திருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது மண். வடக்கு நேட்டாலின் பல சரிவுகளில் மேல்மண்ணுக்குக் கீழே, நீர் பட்டதும் கரைந்துபோகும் சோடியம் மிகுந்த களிமண் இருக்கிறது. நம் ஊர்க் களர் மண்ணின் குணம் அதற்கு உண்டு. பள்ளத்தின் சுவரிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ உள்ள கண்ணாடிக் குவளையில் கலக்காமல் போட்டு வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால், அது கரையும் மண். அத்தகைய நிலத்தில் நீர் மண்ணுக்கடியில் குழாய்போல் துளைத்துச் சென்று, பின்னர் மேற்கூரை இடிந்து புதிய கிளைப் பள்ளங்கள் உண்டாகும். அதனால்தான் புல்டோசரால் மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடிவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. பழைய இரும்பும் டயரும் குப்பையும் கொட்டி அடைப்பதும் வீண். நீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு பக்கச் சுவரை அரிக்கும்.

வேலையை மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். டோங்காவுக்கு மேலே மாட்டுத்தடமோ பழைய வண்டிப்பாதையோ நீரைத் திரட்டிக் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே மூலகாரணமாக இருக்கும். அந்த நீரைத் தலைப்பகுதிக்கு வருமுன்பே சிறு சரிவுள்ள வரப்பு ஒன்றால் மறித்து, புல் அடர்ந்த உறுதியான இடத்தில் பரவவிட வேண்டும். இதைச் செய்யாமல் பள்ளத்துக்குள் செய்யும் எந்தச் செலவும் நிலைக்காது.

அதன் பிறகே தடுப்பணைகள். ஓர் அணையின் அடிமட்டமும் அதற்குக் கீழே உள்ள அணையின் நீர் வழியும் மட்டமும் ஒன்றாக இருக்குமாறு இடைவெளி விடுவது பழகிய விதி. ஓடைத்தளம் நூற்றுக்கு இரண்டு சரிவும் அணை ஒரு மீட்டர் உயரமும் என்றால், 50 மீட்டருக்கு ஒன்று போதும். அணையின் நடுப்பகுதி இரு ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஓரங்கள் கரைக்குள் அரை மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். நீர் விழும் இடத்தில் கல் பரப்ப வேண்டும். கரையும் மண்ணில் கம்பிவலைக் கல்லணை கட்டினால், நீர் வரும் பக்கத்தில், நீரை மட்டும் விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி வைக்காவிட்டால் மண் கல்லிடுக்கு வழியே ஒழுகிப் போய்விடும். ஓடையின் தளத்தையும் கரையையும் மாற்றுவது 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்துக்குள் வருவதால், நீர்வளத் துறையிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

படிந்த மண்ணில் அறுகம்புல்லையும், கரையோரத்தில் வெட்டிவேரையும் நடலாம். கடும் உறைபனி விழும் மேட்டுநிலமானால் வெட்டிவேர் மெதுவாகவே வளரும். அந்த மண்ணுக்கே உரிய கரூ வேலமரம் (Vachellia karroo; நம் ஊர்க் கருவேலம் அல்ல) தானாக முளைத்தால் வெட்டாதீர்கள். கறுப்பு வாட்டிலை மட்டும் நடவே வேண்டாம், அது அந்நாட்டில் பரவி நிலத்தடி நீரைக் குடிக்கும் அயல்மரம்.

ஆகவே, தலைப்பகுதி ஓய்ந்திருந்தால் நிலத்தைத் தயங்காமல் எடுக்கலாம். நகர்ந்துகொண்டிருந்தால், ஏற்கெனவே உள்ள அரிப்பைச் சீர்செய்யும் செலவு உரிமையாளருக்கும், உங்கள் மாடுகளால் புதிதாக நேரும் அரிப்பைத் தடுக்கும் பொறுப்பு உங்களுக்கும் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இன்றைய நிலையைத் தேதியிட்ட படங்களாக ஒப்பந்தத்துடன் இணைப்பதும், டோங்காவைச் சுற்றி வேலி போடும் செலவை யார் ஏற்பது என்று குறிப்பிடுவதும் அதே தாளில் இடம்பெற வேண்டும்; வேலியில்லாமல் மாடுகள் அதில் இறங்கி ஏறினால், நட்ட புல் ஒரு பருவம்கூடத் தாங்காது.