ஓதலுக்கு யார் தாளம் போடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஜென் துறவி யோகெட்சு அகசாகா லூப் ஸ்டேஷனை (குரலைப் பதிந்து அடுக்கடுக்காகத் திரும்ப ஒலிக்கவைக்கும் கருவி) வைத்துக்கொண்டு, இருதய சூத்திரம் என்ற சிறிய பௌத்த நூலை ஓதும் காணொளியைப் பார்த்தேன். அடுத்தடுத்து மூன்று முறை கேட்டேன், கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஓர் உறுத்தல். துறவிகள் ஆடல் பாடலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று விதி உண்டே? சூத்திரத்தைக் கச்சேரி ஆக்குவது சரிதானா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் உறுத்தல் மிகப் பழையது. தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, பாட்டுப் போல இழுத்து ஓதினால் வரும் ஐந்து கேடுகளை அங்குத்தர நிகாயம் என்ற பாலி உரைத் தொகுப்பில் புத்தரே சொல்கிறார். முதல் கேடு, ஓதுகிறவர் தன் குரலிலேயே மயங்கிவிடுவது. ஆனால் துறவிகளின் ஒழுங்கு நூலான விநயத்தில் ‘சரபஞ்ஞ’ என்ற, சுரத்தோடு ஓதும் முறைக்கு அனுமதியும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் விதியை இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாத பிக்குகள் இன்றும் காக்கிறார்கள். ஜப்பானியத் துறவு மரபு வேறு வழியில் வளர்ந்தது.

எனக்கு இதில் அளவுகோல், இன்னொரு பாலித் தொகுப்பான தீக நிகாயத்தில் வரும் ஒரு காட்சி. பஞ்சசிகன் என்ற கந்தர்வன் புத்தர் முன்னால் வீணை மீட்டிப் பாடுகிறான், அதுவும் காதல் பாட்டு. புத்தர் கடிந்துகொள்ளவில்லை. உன் நரம்பின் ஒலி பாட்டோடு இழைகிறது, நரம்பு பாட்டை மீறவில்லை, பாட்டும் நரம்பை மீறவில்லை என்று பாராட்டுகிறார்.

மீறாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஓர் ஒத்திகையில் பார்த்தேன். டிரம்ஸ் வாசித்தவர் காதில், வேகம் மாறாமல் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஓடிக்கொண்டிருந்தது. ஓதிய பிக்குவுக்கு ஒரு வரியின் நடுவில் மூச்சு தீர்ந்தது, தாளமோ நிற்கவில்லை. சொல்லைப் பாதியில் வெட்டி மூச்சு வாங்கினார். இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை டிரம்ஸ்காரர் இயர்போனைக் கழற்றிவிட்டு பிக்குவின் தோளையே பார்த்தார். தோள் ஏறும்போது குச்சி காத்திருந்தது. அறையே மாறிப்போனது.

இருதய சூத்திரத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ஜப்பானில் ஓதும் வடிவம் 262 சீன எழுத்து. மொகுக்யோ என்ற மரவாத்தியத்தை, எழுத்துக்கு ஒரு தட்டு என்று தட்டித்தான் கோயிலிலேயே ஓதுகிறார்கள். தாளம் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, அகசாகா வாயாலேயே தாளம் எழுப்பும் பீட்பாக்ஸ் அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஷோம்யோ என்ற பழைய ஓதல் அப்படியல்ல. அதில் பல உருப்படிகளில் ஒரே அசை வளைந்து வளைந்து நீளும், எண்ணிப் பிடிக்கத் தாளமே கிடையாது. அதற்கடியில் நாலடித் தாளம் போட்டால் ஓதல் செத்துவிடும். நீளமான ஒற்றைச் சுரம் ஒன்று போதும்.

மேடை, பணம் பற்றியும் உங்களுக்குக் கேள்வி இருக்கும். நேபாளத்தின் பிக்குணி ஆனி சோயிங் டோல்மா 1997-இல் கிதார் கலைஞர் ஸ்டீவ் டிபெட்ஸுடன் ‘சோ’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பாடி வந்த வருமானத்தில் இளம் பிக்குணிகளுக்குப் பள்ளி தொடங்கினார். என் மனதில் அவர்மேல் மரியாதை மட்டும்தான் இருக்கிறது.

சரி, அந்தக் காணொளியை நான்காவது முறை கேளுங்கள். அடுக்கடுக்காக ஏறும் ஒலிகளை விட்டுவிட்டு, சூத்திரத்தின் அசைகளை மட்டும் பின்தொடருங்கள். நான் கேட்டவரை அவை எங்கேயும் மூழ்கவில்லை.