வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் முதலில் எதை வைத்துப் பிழைத்தார்கள்?

ஒரே வார்த்தையில் சொன்னால், புகையிலை. ஆனால் அது பிற்பாடுதான். 1607-ல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தில் வந்து இறங்கியவர்களில் பலருக்குத் தங்கத்தின் மேல்தான் கண். அது கிடைக்கவில்லை. 1608-ல் கண்ணாடி உலை போட்டார்கள், அப்புறம் பட்டுப்புழுகூட வளர்த்துப் பார்த்தார்கள், எதுவும் தேறவில்லை.

அந்த ஊர்ப் புகையிலை காரமாக இருந்ததால் அங்கே குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் கரீபியன் பக்கத்து விதையைக் கொண்டுவந்து நட்டார், லண்டனில் அதற்கு நல்ல விலை கிடைத்ததும் எல்லாருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. 1617-ல் தெருவிலும் சந்தைத் திடலிலும்கூடப் புகையிலைச் செடிதான் நின்றதாம்! சோற்றுக்கு வழி வேண்டுமே என்று, மக்காச்சோளம் போட்டே ஆகவேண்டும் என உத்தரவு போட வேண்டியிருந்தது.

காசுக்குத் தட்டுப்பாடு என்பதால் சம்பளம், வரி எல்லாம் புகையிலையில்தான். 1624 சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராவிட்டால் அபராதம் ஒரு பவுண்டு எடையுள்ள புகையிலை. வேலைக்கு முதலில் இங்கிலாந்தின் ஏழைகள், கப்பல் செலவுக்கு ஈடாகச் சில வருடம் உழைக்கும் ஒப்பந்தத்தில் வந்தார்கள்; 1619-ல் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களை உணவுப்பொருளுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு கப்பல்.