மணிக்கூண்டு ஓட்டலை மூடலாமா, கடன் வாங்கி ஏசி போடலாமா?

கேள்வி: ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) ஆரம்பித்த சைவ ஓட்டலை மூன்றாவது தலைமுறையாக நான் நடத்துகிறேன். தினமும் சராசரியாக 18,000 ரூபாய் வியாபாரம், எல்லாம் போக மாதம் 70,000 நிற்கும். கட்டடம் சொந்தம், வாடகை கிடையாது. பட்டா இன்னும் அப்பாரு பெயரில்தான் இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை, அப்பத்தாவும் காலமாகிவிட்டார். அப்பாவுக்கு இரண்டு தங்கைகள். பழைய வாடிக்கையாளர்கள் வண்டி நிறுத்த இடமில்லாமல் பெருந்துறை ரோட்டுப் பக்கமே சாப்பிட்டுக்கொள்கிறார்கள். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் 90,000 வாடகை, 10 லட்சம் அட்வான்ஸ் என்று கேட்கிறார். வங்கியில் கட்டடத்தை வைத்து 40 லட்சம் வாங்கி ஏசி ஹால் போடலாம் என்று எனக்கு ஆசை. அப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, "வாடகை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கணக்கு தப்பாகிற இடம் அதுதான். வெளி ஆள் 90,000 தரத் தயாராக இருக்கிற இடத்தில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் பார்க்கிற வேலைக்கு ஆள் வைத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து 40,000-க்குக் குறையாது. மனைவியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் குடும்ப ஓட்டலில் அடுப்படியைப் பார்க்காத மனைவியை நான் இதுவரை கண்டதில்லை. 70,000-ல் இந்த இரண்டையும் கழித்தால் ஓட்டல் மாதம் 60,000 நஷ்டத்தில் ஓடுகிறது.

அப்படியென்றால் மூடிவிட்டு வாடகைக்கு விடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பாரு தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இடம், உயில் இல்லை, அப்பத்தாவும் இல்லை என்றால் அப்பாவுக்கும் இரண்டு அத்தைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. ஆக அந்த 90,000-ல் உங்கள் வீட்டுக்கு வருவது 30,000 மட்டும்தான். இப்போது வரும் 70,000-ல் பெரும் பகுதி அத்தைகளுக்குச் சேர வேண்டிய வாடகை, அவர்கள் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். அநேகமாக ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்குப் போசி இட்லி மாவும் பொங்கலுக்கு ஒரு சேலையும் போய்க்கொண்டிருக்கும். நாளைக்கு ஜவுளிக் கடைக்காரர் சொன்ன தொகை ஒரு அத்தை மகன் காதில் விழுந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

கடனுக்கும் இதே கதைதான். அத்தைகள் கையெழுத்து இல்லாமல் வங்கி அந்தக் கட்டடத்தை அடமானமாக எடுக்காது. எடுத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 40 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் தவணை மாதம் 55,000. ஏசிக்கு ஆகும் கரண்ட் பில்லையும் சேர்த்து 75,000 என்று வையுங்கள். கூடுதலாக விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் அரிசி, பருப்பு, காய், சிலிண்டர் போக 35 நின்றால், தினமும் இன்னும் 7,000 ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். அதாவது இப்போது நடக்கிற வியாபாரத்தில் 40 சதவீதம் கூடுதல், அதுவும் தவணையும் கரண்ட் பில்லும் கட்ட மட்டும். வண்டி நிறுத்த இடமில்லை என்று போனவர்கள் ஏசி போட்டால் மட்டும் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? இன்னொன்று, ஓட்டலுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டி, திரும்பக் கிடைக்காது. ஏசி, மேசை, உள்ளலங்கார வேலைக்குக் கொடுக்கும் 18 சதவீதம் போனது போனதுதான். 40 லட்சத்தில் சுமார் 6 லட்சம் வரியாகவே போய்விடும்.

முதலில் 60 நாள் இரண்டு நோட்டுப் போடுங்கள். ஒன்றில் வியாபாரத்தை நேரம் பிரித்து எழுதுங்கள்: காலை 11 வரை, மதியம், சாயங்காலம் 4-க்கு மேல். இரண்டாவதில் கல்லாவில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், வீட்டுக்குப் போகும் மாவும் காப்பித்தூளும் உட்பட. தீபாவளிக்கு முந்தின மாதத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள், அப்போது சந்தைக் கூட்டமே வேறு. திங்கள், செவ்வாயைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் சாயங்காலம் தொடங்கும் ஜவுளிச் சந்தைக்குக் கேரளா, கர்நாடகாவில் இருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிறார்கள். மொத்த வியாபாரத்தில் ஒரு பகுதி பைபாஸ் பக்கம் டெக்ஸ்வேலி ஜவுளி வளாகத்துக்குப் போனாலும் ஊருக்குள் வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள், மூட்டையோடு அலைகிறவர்களுக்கு ஏசி தேவையில்லை. திங்கள் ராத்திரி ஓட்டலை எத்தனை மணிக்குச் சாத்துகிறீர்கள்? பத்துக்குள் என்றால் ஒரு மாதம் விடியும் வரை திறந்து வைத்து, சூடான இட்லியும் மிளகு, சீரகம் அரைத்துப் போட்ட செலவு ரசமும் மட்டும் போட்டுப் பாருங்கள். ராத்திரிக்கு ஆள் போடும் சம்பளம் தவிரப் பெரிய முதலீடு எதுவும் இல்லை.

என் யோசனை, ஓட்டலைப் பாதியாக்குவது. அடுப்படி அப்படியே இருக்கட்டும். ஹாலின் முன்பக்கத்தில் ஒரு கடை பிரித்து ஜவுளிக்காரருக்கோ வேறு ஒருவருக்கோ கொடுங்கள். 40,000 வாடகை வந்தால் அதை அப்படியே அத்தைகள் இருவருக்கும் ஆளுக்கு 20,000 என்று வங்கியில் போட்டுவிடுங்கள். மீதி இடத்தில் ஓட்டல் நடத்த அப்பாவும் இரண்டு அத்தைகளும் கையெழுத்துப் போட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதோடு பட்டாவையும் மூவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வாடகையில் அவரவர் பங்கு அவரவர் வருமானக் கணக்கில் வரும், அதில் 30 சதவீதம் கழித்துத்தான் வரி. ஓட்டலின் ஜிஎஸ்டி அப்பா பெயரில் இருந்தால் அவர் பங்கு வாடகைக்கும் ஜிஎஸ்டி வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நாற்காலி குறைந்ததால் போகும் வியாபாரத்தை வளைகாப்பு, கல்யாணக் காலை டிபன் ஆர்டரில் பிடிக்கலாம், அதற்கு முன்பணமும் வாங்கலாம்.

முன்கடைக்கு வரும் அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. கடைக்காரர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டியது. மூவர் பெயரில் டெபாசிட்டாகப் போட்டுவிடுங்கள், அதை எடுத்து மாவரைக்கும் மெஷின்கூட வாங்க வேண்டாம். அப்பாவுக்கு இந்தப் பாதி ஓட்டல் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், கல்லாப்பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அத்தைகளிடம் நீங்கள் பேசாதீர்கள், அவரையே போய்ப் பேசச் சொல்லுங்கள்.