நுகர்வோர் கேள்வி-பதில்: கார்டு பில்லில் பிடித்த பணம் திரும்பி வருமா?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் கிரெடிட் கார்டு பற்றியவை. மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு கார்டு எதற்கு என்று பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கிளையில் கேட்டால் சென்னையில் கேளுங்கள் என்கிறார்கள். சென்னையில் கேட்டால் இதைவிட நல்ல கார்டு தருகிறோம் என்கிறார்கள். இப்போது ஆண்டுக் கட்டணம் 999 ரூபாயும் ஜிஎஸ்டியும் போட்டுப் புதிய பில் வந்திருக்கிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, பாலக்கோடு

பதில்: அம்மா, அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். உங்கள் பணம் அதில்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு விதிகளின்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தவறினால், அதன் பிறகு மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தாமதம் 60 நாள் என்றால் 30,000 ரூபாய். இதைத் தானாக எந்த வங்கியும் கொண்டுவந்து கொடுக்காது, கேட்க வேண்டும். "உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறதே, எப்படி மூடுவது?" என்று அந்த ஆண்டுக் கட்டணத்தையே காட்டித் தட்டிக்கழிப்பார்கள். அது நீங்கள் மூடச் சொன்ன பிறகு ஏற்றிய கட்டணம் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். கட்டணத்தை நீக்கவும், அபராதத்தை வரவு வைக்கவும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: சம்பளம் ஒரு நாள் தள்ளி வந்ததால் கார்டு பணத்தைக் கெடு தேதிக்கு மறுநாள் கட்டினேன். தாமதக் கட்டணம் 500 ரூபாய் போட்டுவிட்டார்கள். சரியா?
— சிப்காட் தொழிலாளி, ஓசூர்

பதில்: சரியில்லை. கெடு தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம். மூன்று நாளுக்குள் கட்டியதை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்குத் தாமதம் என்று தெரிவிக்கவும் கூடாது. கட்டிய நாளின் ரசீதோடு எழுதுங்கள், தம்பி. கட்டணத்துக்கு மேல் போட்ட ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். பதினொரு மாதமாகக் கார்டு பில்லில் 'பாதுகாப்புத் திட்டம்' என்று மாதம் 353 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். மகள்தான் கண்டுபிடித்தாள். கேட்டால், நீங்கள் தொலைபேசியில் சரி என்றீர்கள், குரல் பதிவு இருக்கிறது என்கிறார்கள். ஏல நேரத்தில் எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.
— மண்டி உரிமையாளர், இராயக்கோட்டை

பதில்: பதினொரு மாதத்துக்கு 3,883 ரூபாய். விலை விழுந்த நாளில் எத்தனை கூடை தக்காளிக்கான பணம் அது என்பது உங்களுக்குத் தெரியும், கூப்பிட்டவருக்குத் தெரியாது.

இந்தக் 'குரல் பதிவு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நம் பக்கத்தில் 'சரிங்க' என்பதற்குச் சம்மதம் என்ற பொருள் மட்டுமா இருக்கிறது? 'காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்' என்றும் பொருள். 'கை வேலையாக இருக்கிறேன், வைத்துவிடுங்கள்' என்றும் பொருள். எதிரில் பேசுபவரின் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் சரி அது. வேகவேகமாகப் பாதி ஆங்கிலத்தில் படித்துவிட்டு, நடுவில் விழுந்த அந்தச் 'சரி'யைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் பணம் பிடிப்பது வியாபாரம் இல்லை. மரியாதை தெரிந்தவரின் மரியாதையைத் திருடுவது.

விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். கார்டு கொடுக்கும்போது சொல்லாத எந்தக் கட்டணத்தையும் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. காப்பீடு என்றால் எழுத்திலோ மின்னணு முறையிலோ சம்மதம் வாங்க வேண்டும். நாமினியின் விவரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "நான் சரி சொன்னேனா?" என்பது அல்ல. "என் நாமினி யார்?" என்று கேளுங்கள். உங்கள் மனைவி பெயரையோ மகள் பெயரையோ அவர்களால் சொல்ல முடியாவிட்டால், அவர்களிடம் முறையான சம்மதம் இல்லை. பாலிசி எண், பாலிசிப் பத்திரத்தை உங்களுக்கு அனுப்பிய தேதி, சம்மதத்தின் நகல் ஆகியவற்றையும் எழுதிக் கேளுங்கள். பில்லில் உள்ள தொகையை மறுத்துப் புகார் கொடுத்தால், 30 நாளுக்குள் விளக்கமும் தேவைப்படும் ஆவணமும் தர வேண்டியது வங்கியின் கடமை.

தொலைபேசியில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2018-இல் ஓசூரில் ஒரு கடைவாசலில் மேசை போட்டிருந்தவர்களிடம் 'வாழ்நாள் முழுவதும் இலவசம்' என்ற கார்டு ஒன்றை வாங்கினேன். விண்ணப்பத்தில் நான் நிரப்பாத கட்டத்தில் யாரோ ஒரு டிக் போட்டிருந்தார்கள். பத்தொன்பது மாதம் காப்பீட்டுத் தொகை போயிருக்கிறது, ஏறக்குறைய 9,000 ரூபாய். நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் "பார்க்கிறோம் சார்" என்றார்கள். புகார் எண் வாங்கவில்லை, தேதி குறித்துக்கொள்ளவில்லை, ஒரு வரிகூட எழுதி அனுப்பவில்லை. அந்தப் பணம் எனக்குத் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து கடிதங்களின் நகலுக்கென்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று வையுங்கள்.

வங்கி மறுத்தாலோ, 30 நாள் பதில் இல்லாமல் கடந்தாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். உங்களுக்காக வழக்கறிஞர் அனுப்பும் புகாரை அங்கே ஏற்பதும் இல்லை. இணையத்தில் கொடுக்கத் தெரியாவிட்டால் தாளில் எழுதி அனுப்புங்கள். முகவரி: மையப்படுத்தப்பட்ட புகார் பெறும் மையம், ரிசர்வ் வங்கி, செக்டர் 17, சண்டிகர் 160017. கடிதம் எந்த மொழியிலும் இருக்கலாம், தமிழிலேயே எழுதலாம். சண்டிகர் என்றதும் மலைக்க வேண்டாம். இராயக்கோட்டைத் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் போட்டு, ரசீதைக் கோப்பில் சேருங்கள். அதோடு வங்கிக்கு முதலில் எழுதிய கடிதத்தின் நகல் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் புகார் அங்கே நிற்காது.

கேள்வி: 40,000 ரூபாய் கார்டு கடனுக்குப் பதினான்கு மாதமாகக் குறைந்தபட்சத் தொகை மாதம் 2,000 ரூபாய் தவறாமல் கட்டுகிறேன். 28,000 கட்டியும் இன்னும் 33,500 ரூபாய் பாக்கி என்கிறார்கள். இது கந்துவட்டி இல்லையா? வழக்குப் போட்டு வட்டியைத் திரும்ப வாங்கலாமா?
— அரூர் வாசகர்

பதில்: வாங்க முடியாது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது உண்மைதான். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் வட்டி விகிதத்தை மட்டும் காட்டி இனி வழக்கு நிற்காது.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 3.5 சதவீதம் என்றால் 40,000-க்கு வட்டி 1,400 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000-இல் அசலுக்குப் போனது வெறும் 348 ரூபாய். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கை உங்கள் பில்லிலேயே அச்சாகி இருந்திருக்கும். பதினான்கு பில் வந்திருக்கிறது. ஒன்றையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டாமா? ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், கடன் தாளை மட்டும் ஏன் மடித்து வைத்துவிடுகிறீர்கள்?

ஒன்று மட்டும் பாருங்கள். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது விதி. அப்படிப் போட்டிருந்தால் அந்தப் பகுதியை நிச்சயம் திரும்பக் கேட்கலாம். மற்றபடி, வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்து இந்தக் கடனை முழுதாக அடையுங்கள். அங்கே வட்டி இதைவிட மிகக் குறைவு.

கேள்வி: கிருஷ்ணகிரியில் 'வட்டியில்லா இஎம்ஐ' என்று சொல்லித்தான் வாஷிங் மெஷின் விற்றார்கள். கார்டு பில்லில் வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி, செயலாக்கக் கட்டணம் எல்லாம் இருக்கிறது.
— பர்கூர் வாசகி

பதில்: வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. பொதுவாக வட்டிக்கு ஈடான தொகையைக் கடை விலையில் கழித்துவிடும், வங்கி அதே வட்டியை உங்களிடம் வாங்கிக்கொள்ளும். கடை ரசீதில் அந்தக் கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்கும் வங்கிக்கும் சேர்த்து எழுதுங்கள். அசல், வட்டி, கழிவு மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்; வட்டியுள்ள இஎம்ஐ-யை வட்டியில்லாதது போல மறைக்கக் கூடாது என்று கார்டு விதியிலேயே இருக்கிறது. கடை ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இப்படித்தான் வந்தது. ரொக்க விலை என்னவென்று நான் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே பெட்டியை ரொக்கத்துக்கு 2,200 ரூபாய் குறைவாக வாங்கினார்.

கேள்வி: ரிவார்டு புள்ளி காலாவதியாகிறது என்று கூப்பிட்டவரிடம் ஓடிபி சொல்லிவிட்டேன். 48,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. வங்கி தருமா?
— மாங்கூழ் ஆலைக் கணக்கர், காவேரிப்பட்டணம்

பதில்: நீங்களே ஓடிபி சொன்னதால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனால்தான் வங்கியின் பொறுப்பு. உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிட்டிருந்தால், போன கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். ஐந்து நாள் மிக அதிகம். மாங்கூழ் ஆலையில் ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர், ஓடிபி வந்த செய்தியிலேயே 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இன்றாவது 1930-இல் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நண்பரின் அவசரத்துக்குக் கார்டையும் பின் எண்ணையும் கொடுத்தேன். 22,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கிவிட்டார். வங்கியிடம் திரும்பக் கேட்கலாமா?
— தர்மபுரி வாசகர்

பதில்: நண்பரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பா பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். சேமிப்புக் கணக்குத் தொடங்கிய கிளையிலிருந்து, கேட்காமலே ஒரு கிரெடிட் கார்டு தபாலில் வந்தது. உறையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. இப்போது கட்டணம், தாமதக் கட்டணம் என்று 2,360 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் கூப்பிட்டு மிரட்டுகிறார்கள். அப்பா தூங்குவதில்லை.
— மகன், பெங்களூரு

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: அவர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை, தவறு செய்தவர்கள் அவர்கள். கேட்காத கார்டை அனுப்புவதே விதிமீறல். சம்மதம் இல்லாமல் அதைச் செயல்படுத்திக் கட்டணமும் போட்டிருந்தால், கட்டணத்தை உடனே நீக்க வேண்டும். அதோடு நீக்கிய தொகையின் இரண்டு மடங்கை மறுபேச்சின்றி அப்பாவுக்கு அபராதமாகத் தர வேண்டும். இங்கே அது 4,720 ரூபாய். செயல்படுத்தாத கார்டாகவே இருந்தால், 30 நாள் கடந்ததும் ஓடிபி மூலம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் ஏழு வேலை நாளில் செலவில்லாமல் மூடியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட கார்டைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனத்துக்கு எதையும் அனுப்பியிருக்கவும் கூடாது.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. வந்த அழைப்புகளின் எண்ணையும் நேரத்தையும் அப்பாவின் கைப்பேசியிலிருந்து படம் எடுத்து வையுங்கள். கார்டு வந்த உறையைத் தூக்கிப் போட வேண்டாம், தபால் முத்திரையில் தேதி இருக்கும். நீங்கள் பெங்களூரிலிருந்து எழுதிக் கொடுத்தாலும், கடிதம் அப்பாவின் பெயரில், அப்பாவின் கையெழுத்தோடுதான் போக வேண்டும். உங்கள் பெயரில் அனுப்பினால் கார்டுதாரர் நீங்கள் இல்லை என்ற ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள்.