பழைய விஎச்எஸ் கேசட்டுகளை மாற்றும்போது நிறம் திருத்தும் கருவி: கேள்வி பதில்

மதுரை வாசகர்: 1990களின் திருமணக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றப் போகிறேன். ப்ராக் ஆம்ப் (பிளேயருக்கும் கணினிக்கும் இடையே சிக்னலின் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் கருவி) வாங்கியே ஆக வேண்டுமா, மென்பொருளில் திருத்தினால் போதாதா?

பதில்: நிறத்தை மென்பொருளில் நிதானமாகத் திருத்தலாம். வெளிச்ச அளவை மட்டும் கேப்சருக்கு, அதாவது சிக்னல் டிஜிட்டலாகப் பதிவாவதற்கு, முன்பே சரிசெய்துவிட வேண்டும். 0 முதல் 255 வரை அளவுள்ள 8 பிட் பதிவில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று வரையறை உண்டு. கேப்சர் கருவியின் உச்சத்தைத் தாண்டி நாடாவிலிருந்து வரும் வெள்ளை அங்கேயே வெட்டுப்பட்டுவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ப்ராக் ஆம்பின் உண்மையான வேலை இந்த வெட்டைத் தடுப்பதே. உங்கள் கேப்சர் கருவியின் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் அமைப்புகள் சிக்னல் டிஜிட்டலாக மாறுவதற்கு முன்பே செயல்படுமானால், தனிக் கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை.

கோவை வாசகர்: மாப்பிள்ளையின் வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. கருவி வாங்கினால் மடிப்புகள் தெரியுமா?

பதில்: ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) திறந்து வைத்துக்கொண்டு, கேப்சருக்கு முன்னுள்ள கான்ட்ராஸ்டை மெல்லக் குறையுங்கள். மடிப்புகள் தோன்றினால் விவரம் நாடாவில் இருக்கிறது, கேப்சரில்தான் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். வெள்ளை முழுவதும் சாம்பலாக மட்டும் மாறினால், வீடியோ லைட்டின் வெளிச்சத்தில் படமெடுத்த அன்றே அது போய்விட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் கருவியும் அதைத் திருப்பித் தராது. விற்பவர் என்ன சொன்னாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

டொராண்டோ வாசகர்: ஊரிலிருந்து வந்த கேசட்டுகளும் கனடாவில் எடுத்தவையும் என்னிடம் உள்ளன. ஒரே கருவி போதுமா?

பதில்: இந்தியா, இலங்கைக் கேசட்டுகள் பால் (PAL) என்ற வீடியோ முறை, கனடாவில் எடுத்தவை என்டிஎஸ்சி (NTSC) முறை; இரண்டையும் ஏற்கும் பிளேயரும் கருவியும் தேவை. பால் முறையில் கட்டப் பிழை (நிற சிக்னலின் அலை சற்று முன்பின்னாக நகர்வது) நிறத்தின் அடர்த்தியைச் சற்றுக் குறைக்குமே தவிர நிறத்தை மாற்றாது என்பதால், நிறச்சாயலை மாற்றும் ஹியூ திருகு பெரும்பாலும் என்டிஎஸ்சிக்குத்தான் உதவும். வட அமெரிக்க என்டிஎஸ்சியில் கறுப்பு பூஜ்ஜியத்தில் இல்லாமல் 7.5 ஐஆர்இ (வீடியோ சிக்னலின் அளவை அளக்கும் அலகு) அளவில் இருப்பதால், படம் வெளிறித் தெரிந்தால் முதலில் கறுப்பு அளவைக் கவனியுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: ஒன்றுதான் வாங்க முடியும். டிபிசியா, ப்ராக் ஆம்பா?

பதில்: தயங்காமல் டிபிசி, அதாவது நாடாவிலிருந்து வரும் சிக்னலின் நேரப் பிழைகளைச் சரிசெய்யும் கருவி. கோடுகள் நெளிந்து, ஃபிரேம்கள் தவறிய பதிவில் நிறத்தைத் திருத்திப் பயனில்லை. டிபிசியும் சிக்னலை டிஜிட்டலாக்கும் கருவியே என்பதால், வெள்ளை அதற்குள்ளேயே வெட்டுப்படலாம். ஆகவே வெளிச்ச அளவைத் திருத்தும் வசதி அதிலேயே உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சேலம் வாசகர்: கூறைப் புடவையின் சிவப்பு ஓரங்களில் வழிகிறது.

பதில்: விஎச்எஸ் நிறத்தை மிகக் குறைந்த நுணுக்கத்திலேயே பதிவதால் அது இயல்பு. சிவப்பு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் மட்டும் மென்பொருளில் இடம் மாற்றிப் பொருத்தலாம்.